விடுதலைப் போரின் சாட்சியங்கள்

தேசிய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றைச் சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலில் அமைக்கத் தமிழ்நாட்டு சர்க்கார் சில ஆண்டுகளுக்கு முன் முற்பட்டதும், அதற்கு வேண்டிய பொருள்களைத் தந்துதவுமாறு பொதுஜனங்களை வேண்டிக்கொண்டதும் நேயர்கள் அறிந்த விஷயம். கடிதம், கையெழுத்துப் பிரதி, பழைய பத்திரிகை, இராட்டை, பதக்கம் முதலிய எதுவாயினும் கொடுக்கலாம் என்பது அவ்வேண்டுகோளின் சாரம். முயற்சி மிக நல்லது; எவரும் அதை வாழ்த்தவே வேண்டும். ஆயினும், சென்னையில் ஒரு மாளிகை திறந்துவிட்டால் நமது கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ணி வாளாவிருப்போமாயின், அதைப்போன்ற மயக்கம் பிறிதொன்று இராது. மாளிகையில் வைக்க வேண்டிய பொருள்கள் மாளிகையில் பிறப்பதில்லை. அவை திருவேங்கடத்தைப் போன்ற ஊர்களில், பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டிகளிலும், இறந்துபோன பாட்டனாரின் அலமாரிகளிலும், கரையானுக்கும் பழைய காகித வியாபாரிக்கும் நடுவே கிடக்கின்றன. அவற்றின் கதி என்ன என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

திருவேங்கடம் இருக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்கே பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல், கிழக்கே வ. உ. சிதம்பரம் பிள்ளை தமது பிற்காலத்தில் வக்கீலாக இருந்து வாழ்ந்த கோயில்பட்டி. அதற்கும் அப்பால் பாரதியார் பிறந்த எட்டயபுரம். வடகிழக்கே நாடெங்கும் தேசத்தலைவர்களின் படங்களை அச்சிட்டனுப்பிய சிவகாசி. இவ்வளவு புகழ் வாய்ந்த சுற்றுவட்டாரத்தில் வாழும் நாம், அந்தப் புகழுக்கு ஆதாரமான காகிதங்களைத் தேடிப் புறப்பட்டால் எங்கே போய் நிற்கிறோம்? பெரும்பாலும் சென்னை எழும்பூரிலும், புதுடில்லியிலும், லண்டனிலும் போய் நிற்கிறோம். அதாவது, நம்மை ஆண்டவன் கட்டி வைத்த கட்டுகளின் முன்னே போய் நிற்கிறோம். இது ஏன் நேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொண்டாலன்றி, இனிச் செய்ய வேண்டியது யாதென்பது விளங்காது.

பூலித்தேவரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவல் கோட்டையின்மீது வந்ததும், காரியம் கைகூடாமல் திரும்பியதும், பின்னர் 1761இல் யூசுப் கான் பெரும் பிரயத்தனத்தின்மேல் அப்பாளையத்தை அடக்கியதும் நமக்கு எவ்வாறு தெரியவந்தன? கம்பெனியாரின் யுத்தங்களைப் பற்றி இராபர்ட் ஆர்ம் என்பவர் எழுதிய சரித்திரமும், கம்பெனிக் கடிதங்களும், இவற்றைக் கொண்டு கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமுமே முதன்மையான ஆதாரங்கள். பூலித்தேவரின் அரண்மனையில் எழுதப்பட்ட ஓலை எதுவும் இவற்றிற்கு ஈடாக எதிரே வைக்கப்படவில்லை. கோட்டை வீழ்ந்தது; கோட்டையோடு ஓலைகளும் போயின.

வீரபாண்டிய கட்டபொம்மன் விஷயமும் இத்தகையதே. 1799 அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், அவர் அஞ்சாது நின்ற நிலையை மேலதிகாரிகளுக்குத் தம் கைப்படவே எழுதினார். எதிரி தனக்கு அநுகூலமில்லாத ஒன்றை ஒப்புக்கொண்டால் அந்த ஒப்புதலுக்கு நியாயஸ்தலத்தில் தனி மதிப்புண்டு. அந்த வகையில் பானர்மனின் கடிதம் நமக்குக் கிடைத்த பெரிய சாட்சியம். 1801 ஜூன் 16ந் தேதி சின்ன மருது வெளியிட்டுத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டுவித்த பிரகடனமும் கம்பெனியாரின் தஸ்தாவேஜுகளின் வாயிலாகவே நமக்கு எட்டியது. சுவரில் ஒட்டியவர்கள் மாண்டார்கள். கிழித்தெடுத்தவர்கள் கோப்பில் வைத்தார்கள். சரித்திரம் கோப்பில் வைத்தவனிடம் போய்ச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டிலேனும் நிலைமை மாறியதா? 1908ஆம் ஆண்டின் கதையைக் கேளுங்கள். விபின சந்திர பாலர் விடுதலையான நாளை ஒட்டி மார்ச்சு 9ந் தேதி ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். மார்ச்சு 12இல் சிறைப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. சர்க்கார் கட்டிடங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் உயிர் துறந்தனர். ஜூலை 7ந் தேதி பின்ஹே என்ற செஷன்ஸ் நீதிபதி ஸ்ரீ பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். பிறகு ஹைக்கோர்ட்டு அதை ஆறு ஆண்டாகக் குறைத்தது. ஆயிரக்கணக்கானவர்களைத் தட்டியெழுப்பிய அந்தப் பிரசங்கங்கள் இன்று எங்கே இருக்கின்றன? தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று கேட்ட தொழிலாளர் எவரும் அவற்றை எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் நிலையில் அவர்கள் இருக்கவுமில்லை. போலீசார் எழுதினார்கள், தண்டிக்க வேண்டுமென்று எழுதினார்கள், அந்த எழுத்து வழக்கில் சாட்சியமாயிற்று. இன்று ஆராய்ச்சியாளர் அந்தத் தலைவர்களின் குரலைக் கேட்க விரும்பினால், வேவு பார்த்தவனின் காதைக்கொண்டே கேட்க வேண்டியிருக்கிறது.

பத்திரிகைகளின் கதியும் இதுவே. சுதேச பாஷைப் பத்திரிகைகள் எழுதியவற்றையெல்லாம் சர்க்காரின் மொழிபெயர்ப்பாளர் வாரந்தோறும் சுருக்கி, இங்கிலீஷில் பெயர்த்து, அந்தரங்க அறிக்கையாக மேலே அனுப்பிவந்தார். மூலப் பத்திரிகைகளில் பல அழிந்துவிட்டன, அறிக்கைகள் அழியவில்லை. தமிழிலே ஒருவன் நெஞ்சு கொதித்து எழுதிய தலையங்கத்தை, அதைக் குற்றமென்று காட்டுவதற்காக இங்கிலீஷில் எழுதப்பட்ட நாலு வரிகளிலிருந்து இன்று நாம் ஊகிக்கிறோம். பறிமுதல் செய்த புத்தகங்களின் பிரதிகளையும் வெள்ளைக்காரன் அழித்தொழிக்காமல் சிலவற்றை அனுப்பி வைத்தான். அவை லண்டன் நூலகத்தில் ஜாபிதாவோடு இருக்கின்றன. தடை செய்தவனே காப்பாற்றினான். இது வேடிக்கையன்று, நமக்கு இது ஒரு பாடம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எதிரி எழுதியதாயினும் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. போலீஸ் அறிக்கை, போலீசுக்கு எது முக்கியமோ அதைச் சொல்லும். எத்தனை பேர் கூடினார்கள், யார் பேசினார்கள், எந்தச் சொல் ராஜத்துரோகம் என்பதைச் சொல்லும். கூட்டத்துக்கு வந்தவன் அன்று கூலியை இழந்து வந்தானா, அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா, அவன் மனைவி என்ன சொன்னாள் என்பதைச் சொல்லாது. கம்பெனிக் கடிதம் பாளையக்காரரின் பெயரைச் சொல்லும். அவரோடு நின்று மடிந்த சேனை வீரனின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கில்லை. ஒண்டிவீரனின் நினைவு பெரும்பாலும் பாட்டிலும் வாய்மொழியிலுமே தங்கி வந்திருப்பதற்குக் காரணம் அவன் தியாகத்தில் குறையன்று. எழுதுகோல் பிடித்தவனின் கண்ணில் இருந்த குறையே.

நம்மவர் கையில் இருந்த காகிதம் காப்பாற்றப்பட்டால் என்ன பயன் விளையும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1912இல் சிறையினின்று வெளிவந்த ஸ்ரீ சிதம்பரம் பிள்ளை, வக்கீல் சன்னதும் பறிபோய், சென்னையில் வறுமையில் உழன்ற காலம். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகத் தொகை சேர்த்து ஸ்ரீ காந்தியிடம் ஒப்புவித்தார்கள். அந்தப் பணம் உரியவருக்கு வந்து சேரவேயில்லை என்றொரு பேச்சு வெகுகாலம் உலவியது. காந்தியடிகளின்மீது மாசு கற்பிக்க அதைப் பலர் பயன்படுத்தினர். அவ்விருவருக்கும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் நடந்த கடிதப் போக்குவரத்து காக்கப்பட்டிருந்ததனாலே உண்மை வெளிவந்தது. பணம் வந்தது, அது 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஸ்ரீ ஆ. இரா. வேங்கடாசலபதி இதையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஒரு நூற்றாண்டு ஓடிய பழிச்சொல்லைச் சில பழங்கடிதங்கள் துடைத்துவிட்டன. அந்தக் கடிதங்களை யாரேனும் அடுப்பில் போட்டிருந்தால், அல்லது எடைக்குப் போட்டிருந்தால், பழியே சரித்திரமாக நிலைத்திருக்கும்.

காகிதம் இல்லாமற்போனால் தனி மனிதனுக்கு நேரும் தீங்கும் சிறிதன்று. சுதந்திரத்தின் வெள்ளிவிழாவையொட்டி 1972 ஆகஸ்டு 15 முதல் மத்திய சர்க்கார் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 1980இல் அதை விரிவாக்கினர். பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் அநுபவித்திருக்க வேண்டும்; பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் மலைஜாதியினருக்கும் மூன்று மாதம் போதும் என்பது விதி. ஆனால் சிறைவாசத்தை ருஜுப்படுத்த வேண்டும். சிறை ரிக்கார்டு வேண்டும். அது கிடைக்காவிடில் உடன் சிறையிருந்தவரின் அத்தாட்சி வேண்டும். நாட்டுக்காகச் சிறை சென்ற ஏழை விவசாயி ஒருவன், தான் திரும்பி வருகையில் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டா வருவான்? படித்தவர்களிடம் காகிதம் இருந்தது. படியாதவர்களிடம் தழும்பு மட்டுமே இருந்தது. விண்ணப்பித்து, அலைந்து, நிராகரிக்கப்பட்டு, நியாயஸ்தலம் ஏறியவர்கள் நாடெங்கும் உண்டு. முக்குந்த் லால் பண்டாரி வழக்கில் 1993இலும், குருதயாள் சிங் வழக்கில் 2001இலும் சுப்ரீம் கோர்ட்டு இத்தகையோரின் பக்கம் இரக்கத்தோடு பேசிற்று. கிரிமினல் வழக்கைப்போல் ஐயந்திரிபற ருஜுப்படுத்தும்படி இவர்களைக் கேட்கலாகாது என்பது பிந்திய தீர்ப்பின் கருத்து. தீர்ப்பு நல்லதே. ஆயினும் அது வந்தபோது விண்ணப்பதாரர்களில் எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள் என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

எனவே தஸ்தாவேஜு என்பது வெறும் பழம்பொருள் அன்று. யார் தேசத்தொண்டர், யார் அல்லர் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதனிடம் சென்று தங்கிவிட்டது. இந்த அதிகாரத்தை இன்று நம் கண்முன்னே வேறொரு கூட்டத்தார் வேறு விதமாகக் கையாளுகின்றனர். தென் ஜில்லாக்களில் ஒவ்வொரு தியாகியின் பிறந்த நாளும் இறந்த நாளும் ஜாதி ஊர்வலமாக மாறிவருவதை நாம் காண்கிறோம். நாட்டுக்காக உயிர் நீத்தவர் ஒரு வகுப்பாரின் தலைவராகச் சுருங்குகிறார். அவர் உடனிருந்த வேற்று வகுப்பாரின் பெயர் சுவரொட்டியினின்று மறைகிறது. ஆதாரமில்லாத கதைகள் ஆதாரமுள்ளவைபோல் அச்சாகின்றன. மறுப்பவன் துரோகியெனப்படுகிறான். இந்நோய்க்கு மேடைப் பிரசங்கம் மருந்தாகாது; சாட்சியமே மருந்து. 1908இல் திருநெல்வேலித் தெருவில் வந்து நின்ற கூட்டம் ஒரு ஜாதிக் கூட்டமன்று. அதை நிலைநாட்டுவது நமது ஆசையன்று, அந்நாளைய வழக்குக் கட்டு. ஆதாரம் உள்ளவரை பொய் சற்றுக் கூசும். ஆதாரம் அழிந்த அன்று பொய்க்குத் திருவிழா.

எழுத்தைப் பற்றி இவ்வளவு கூறினோம். சித்திரத்தைப் பற்றியும் கூற வேண்டும். பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' பத்திரிகை 1906இல் சென்னையில் தோன்றியது. தமிழ்ப் பத்திரிகையுலகில் அரசியல் கருத்துப்படங்களை வழக்கமாக வெளியிட்டு வழிகாட்டியது அதுவே. நாட்டின் பஞ்சமும், அந்நியச் சுரண்டலும், மிதவாதிகளின் தயக்கமும், சுதேசிக் கப்பலின் பெருமையும் அப்படங்களில் இடம்பெற்றன. எழுத்தறியாதவனும் பார்த்த மாத்திரத்தில் பொருள் உணர்ந்தான். சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1908இல் அப்பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியராயிருந்த ஸ்ரீநிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பத்திரிகை புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து 1910 வரை நடந்தது. எத்தனையோ வீடுகளில் படித்துப் பாதுகாத்திருக்க வேண்டிய அப்பத்திரிகையின் இதழ்களில் பல இன்று கிடைக்கவில்லை. போலீசுக்குப் பயந்து எரித்தவர்களை நாம் குறைகூற மாட்டோம்; அக்காலத்தில் அந்தத் தாள் வீட்டில் இருப்பதே ஆபத்து. ஆபத்து நீங்கிய பின்னர் அலட்சியத்தால் இழந்ததற்கு யார் பதில் சொல்வது? எஞ்சிய கருத்துப்படங்களைத் தொகுத்து 1994இல் ஒரு நூலாக வெளியிடும் வரையில், தமிழ்நாட்டில் இப்படியொரு சித்திரக்கலை நடந்தது என்பதையே பலர் அறியார்.

இன்னொரு வகைச் சித்திரமும் உண்டு. அதை நம்மில் எவரும் சரித்திரமாகக் கருதுவதில்லை. கோயில்பட்டியில் குடியேறி வாழ்ந்த ஓவியர் ஸ்ரீ சி. கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. தெய்வப் படங்களே அவற்றுள் மிகுதி. அவற்றுக்குப் பக்கத்திலேயே அதே சுவரில், அதே ஆணியில், காந்தியடிகளும் நேருவும் சுபாஷ் போஸும் வந்து அமர்ந்தார்கள். ஒரு நாட்டு ஜனங்கள் தங்கள் தலைவர்களை எவ்விடத்தில் வைத்து நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் எது? ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைக் கழற்றி அலமாரித் தட்டில் விரித்துவிடுவது நம் வழக்கம். அந்தத் தட்டுக்களைத் தூக்கிப் பார்த்தால் சில வீடுகளில் இன்றும் அரிய சித்திரங்கள் அகப்படலாம்.

சித்திரமும் சிலையும் நமக்குப் பிடித்தமானவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1857ஆம் ஆண்டுப் புரட்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்பவனின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றதும், 1927இல் அதை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளோடு சிறை புகுந்ததும் பலர் அறிந்தவை. 1937இல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை அச்சிலையை அகற்றியபோது அதை உடைத்தெறியவில்லை, அருங்காட்சியகத்துக்கு அனுப்பிற்று. வெற்றி பெற்றவன் தன் பகைவனின் சின்னத்தையும் சாட்சியமாகக் காப்பதே நாகரிகம் என்று அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. பகைவனின் சிலையையே காத்த தேசம், தன் புதல்வரின் கடிதங்களைக் கரையானுக்குக் கொடுக்கலாமா?

இப்போது செய்ய வேண்டியதைக் கூறுவோம். பழைய தஸ்தாவேஜுகளைப் பற்றி நமது சாட்சியச் சட்டத்தில் ஓர் அழகிய விதி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தஸ்தாவேஜு, அது இருக்க வேண்டிய உரிய காவலிலிருந்து கொண்டுவரப்பட்டால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானதே என்று நியாயஸ்தலம் அநுமானித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் கண்ட இவ்விதியை, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய சாக்ஷ்ய அதிநியமும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. இதன் கருத்து யாது? காகிதம் மட்டும் சாட்சி சொல்லாது. அது எங்கேயிருந்து, யார் கையிலிருந்து, எப்படி வந்தது என்பதும் சேர்ந்தே சாட்சி சொல்லும். பெயரற்ற ஒரு கதர்ச் சட்டையும், யாருக்கு எழுதியதென்று தெரியாத ஒரு கடிதமும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் ஊமைகளே.

இந்தக் காவல் வரலாற்றைச் சொல்லக்கூடியவர்கள் யார்? போராட்ட வீரர்களில் ஏறக்குறைய அனைவரும் காலஞ்சென்றனர். 1942இல் சிறை சென்றவரின் மகனுக்கோ மகளுக்கோ இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். இந்தப் புகைப்படத்தில் இடப்பக்கம் நிற்பவர் யார், இந்தக் கடிதத்தில் 'மாமா' என்று குறிப்பது யாரை என்பன அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்னும் பத்தாண்டு கழித்து அதே காகிதம் இருந்தாலும் அதன் வாய் அடைபட்டுவிடும். ஆதலால் இவ்விஷயத்தில் தாமதம் என்பது மறுப்புக்குச் சமானம்.

முதலாவது, வீட்டில் உள்ளதை வீட்டார் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு தனித்தாளில் எழுதுக. யாருடையது, எந்த வருஷம், எப்படி நம் வீட்டுக்கு வந்தது, இதைச் சொன்னவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். மூலத்தின்மேல் மையால் எழுதலாகாது, ஒட்டுநாடா ஒட்டலாகாது, கண்ணாடித்தாள் போட்டுச் சூடேற்றி மூடுவித்தல் ஆகவே ஆகாது. ஈரமில்லாத இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நலம்.

இரண்டாவது, கொடுப்பதற்கு முன் படியெடுத்துக்கொள்க. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைபேசி இருக்கிறது. முன்பு ஒரு ஸ்டூடியோ செய்த காரியத்தை அது நொடியில் செய்கிறது. ஆனால் படம் பிடித்துவிட்டோமே, மூலம் எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். கைபேசி மாறும்போது படம் போய்விடும். படத்தைப் பொய்யாகப் புனைவதும் இன்று எளிதாகிவிட்டது. மூலமே கடைசிச் சாட்சி. மூலத்தைச் சர்க்காரிடமோ வேறு ஸ்தாபனத்திடமோ ஒப்படைத்தால் எழுத்து மூலமான ரசீது பெறுக. பொருளின் பெயரும், கொடுத்தவர் பெயரும், தேதியும் அதில் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரசீது கொடுக்கத் தயங்கும் ஸ்தாபனம் பொருளைக் காக்கவும் தயங்கும்.

மூன்றாவது, சட்டத்தின் நிலையை அறிந்துகொள்க. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய சர்க்காரின் காகிதங்களைக் காக்குமேயன்றி, குடும்பங்களின் காகிதங்களைக் காக்காது. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தஸ்தாவேஜும் எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தால் அவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. 2022 ஆகஸ்டோடு, சுதந்திரத்திற்கு முன் எழுதப்பட்ட ஒவ்வொரு காகிதமும் அந்த வயதை எட்டிவிட்டது. அவற்றை வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விற்றனுப்புவது குற்றமாகும். விலை பேச வருகிறவனிடம் இதைச் சொல்லியனுப்புங்கள்.

நான்காவது, சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புவது. சென்னையில் ஓர் அருங்காட்சியகம் வேண்டியதே; ஆனால் ஜில்லாதோறும் ஓர் ஆவண அறை வேண்டும். திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்தன. திருவேங்கடம் தனித் தாலுகாவாகி, தென்காசி ஜில்லாவைச் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறும்போதெல்லாம் பழைய கட்டுகள் வண்டியேறுகின்றன. வண்டியேறும் கட்டுகளில் சில வழியிலும் சில புதிய கச்சேரியின் மாடிப்படிக்கு அடியிலும் தங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. பழைய சங்கரன்கோயில் தாலுகாவைப் பற்றிய கட்டுகள் எவை எவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு ஜாபிதா தயாரித்து வெளியிடுமாறு தென்காசி ஜில்லா அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். குடும்பங்கள் தரும் பிரதிகளைத் தாலுகா நூலகங்களில் வைத்துப் பள்ளி மாணாக்கர் பார்க்குமாறு செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. உரியவன் ஊரிலேயே உரியவன் சரித்திரம் கிடைக்க வேண்டும்.

இவ்வளவும் தனி மனிதரால் ஆகுமா என்று சோர்வடைவோருக்கு ஒருவரை நினைவூட்டுவோம். செட்டிநாட்டுக் கோட்டையூர் ஸ்ரீ ரோஜா முத்தையா செட்டியார் பெரும் கல்விமானல்லர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பிறர் குப்பையென்று கழித்த நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் நோட்டீசுகளையும் ஆயிரமாயிரமாகச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பின்னர், அச்சேகரத்தைச் சிகாகோ சர்வகலாசாலை விலைக்கு வாங்கியது; அது கடல் கடந்து போகாமல், அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பாரதியாரின் எழுத்துக்களைக் காலவரிசையில் தேடித் தொகுப்பதற்கே ஆயுளை அர்ப்பணித்த ஸ்ரீ சீனி விசுவநாதனின் உழைப்பு 23 தொகுதிகளாக நிறைவெய்தி 2024 டிசம்பரில் டில்லியில் வெளியிடப்பட்டது. ஒருவர் பலகை எழுதியவர். மற்றவர் கையில் அதிகாரமில்லாத ஆராய்ச்சியாளர். சர்க்கார்கள் செய்யாததை இவர்கள் செய்து காட்டினார்கள்.

அரசியல் ஊழியர்களுக்கு, முக்கியமாக இளைஞர்களுக்கு, ஒரு வார்த்தை. தியாகிகளின் சிலைக்கு மாலையிட ஆண்டுக்கு ஒரு நாள் செலவிடுகிறீர்கள். அதே நாளின் பிற்பகலை உங்கள் ஊரிலுள்ள ஒரு முதியவரின் திண்ணையில் கழியுங்கள். அவர் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஜாதி, எந்தக் கட்சி என்று பாராமல் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் இல்லாது போனவர்களில் ஒருவருக்காவது பெயர் கிடைக்கும். மாலை மறுநாள் வாடிவிடும். அந்த ஒரு தாள் நிற்கும்.

நம்மைச் சிறையிட்டவன் நம்மைப் பற்றிய ஒரு துண்டுக் காகிதத்தையும் வீணாக்காமல் எண்ணிட்டுக் கட்டி வைத்தான். விடுதலை பெற்ற நாம் அந்த அளவுக்கேனும் நம்மை மதிக்கக் கூடாதா? இச்சீமையின் குடும்பங்கள் இவ்வேலையை இவ்வாண்டே தொடங்குவார்களென எதிர்பார்க்கிறோம்.